வேப்ப மரங்களுக்கிடையே வெள்ளை அறைகள்

 

வெளிநாட்டுப் பயணக் கட்டுரை என்றால் துபாயின் உயர்ந்த கட்டடங்களையோ, மலேசியாவின் பச்சை மலைகளையோ எதிர்பார்ப்பீர்கள். இம்மாதம் நான் உங்களை அழைத்துச் செல்லும் வெளிநாடு, விருதுநகருக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சூலக்கரை. இது என்ன வேடிக்கை என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். அது எனக்குப் பிறந்த ஊர். பினாங்கில் பிறந்து வளர்ந்த என் தங்கை மகனுக்கோ அது கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு வந்து காண வேண்டிய அந்நிய நாடு. கடந்த தை மாதத்தில் அவர் தம் மனைவியுடனும் ஒன்பது வயது மகளுடனும் எங்கள் வீட்டிற்கு மூன்று நாள் தங்கலாக வந்திருந்தார். மதுரையில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கையில் வைத்திருந்தார். மலேசியாவிலும் நம்மைப் போல் சாலையின் இடப்புறமாகவே வண்டி ஓட்டுவதால் அவருக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை.

"மாமா, கடைத்தெருவும் கட்டடங்களும் எங்கள் ஊரிலேயே நிறைய உண்டு. ஒரு நாள் முழுவதும் கிராமங்கள் வழியாகவே ஓட்டிச் செல்ல வேண்டும். நீங்கள் வழி சொன்னால் போதும்" என்றார்.

அறுபத்து நான்கு ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தவன் நான். விருதுநகர்ப் பேட்டையில் பருப்பு, மல்லி, வற்றல் கமிஷன் கடையொன்றில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். வழி சொல்வது ஒரு பெரிய காரியமா என்று பெருமிதத்துடன் தலையசைத்தேன். அந்தப் பெருமிதம் அன்று மாலைவரை நிலைக்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

விருதுநகர் வழியே

ஸுப்ஹு தொழுகையை முடித்து, பயணத்தின் துஆவை ஓதி, வடக்கே வண்டியைத் திருப்பினோம். காஷ்மீரத்தின் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நீண்ட நெடுஞ்சாலை அது. நெடுங்காலம் ஏழாம் எண் என்று அழைத்தோம்; இப்போது அதற்கு 44 என்று எண். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் காட்டிவிட்டு ஊருக்குள் நுழைந்தோம்.

விருதுப்பட்டி என்றிருந்த ஊர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று. பெருந்தலைவர் காமராசர் 1903 ஜூலை 15 அன்று பிறந்த எளிய வீட்டைத் தெருவிலிருந்தே காட்டினேன். இந்த மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' என்று பெயரிட வேண்டுமென 1956-இல் இந்த ஊரில் உண்ணாநோன்பிருந்து, எழுபத்தைந்து நாட்களுக்கு மேல் தாங்கி, அக்டோபர் 13 அன்று உயிர் நீத்த சங்கரலிங்கனாரைப் பற்றியும் சொன்னேன். "ஒரு பெயருக்காகவா?" என்று சிறுமி கேட்டாள். "ஆம், கண்ணே! பெயர் என்பது சிறிய பொருள் அன்று" என்றேன். காலைப் பசிக்கு இட்லியுடன் நிறுத்திக்கொண்டோம். எண்ணெயில் பொரித்தெடுக்கும் எங்கள் ஊர்ப் பரோட்டாவிற்கு மாலைதான் நேரம் என்று மருமகனை ஆறுதல்படுத்த வேண்டியிருந்தது.

சாலையில் காயும் கதிர்கள்

ஆமத்தூர் வழியாகச் சிவகாசிச் சாலையில் திரும்பியதும் நிலத்தின் முகம் தெரியத் தொடங்கியது. இருபுறமும் கரிசல் காடு. மழைக்காலத்தில் காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் விரல் நுழையும் அளவிற்குப் பாளம் பாளமாய் வெடிக்கும். பருத்தியும் சோளமும் மக்காச்சோளமும் உளுந்தும் மல்லியும் விளையும் மண். விதைக்காமல் விட்ட இடமெல்லாம் சீமைக் கருவேலம் ஆக்கிரமித்திருக்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் புகை தொலைவில் எழுந்துகொண்டிருந்தது.

கிளைச் சாலையொன்றில் இறங்கிச் சென்றபோது மருமகன் திடுமென வண்டியை நிறுத்தினார். சாலையின் பாதி அகலத்திற்கு உளுந்தஞ்செடிகள் பரப்பப்பட்டிருந்தன. ஓரத்தில் நின்ற மூதாட்டி, "ஏறிப் போங்க சாமி, ஏறிப் போங்க!" என்று கையசைத்தார். வண்டிச் சக்கரங்கள் ஏறி இறங்கினால் நெற்று உடைந்து பயறு உதிர்ந்துவிடும். ஆள் வைத்து அடிக்கும் கூலி மிச்சம். "எங்கள் ஊரில் பிறர் விளைச்சலின் மீது வண்டியை ஏற்றினால் வழக்குப் போடுவார்கள், இங்கே ஏற்றவில்லையென்றால் கோபித்துக்கொள்கிறார்களே!" என்று மருமகன் வியந்தார். வியப்பதற்கும் சிரிப்பதற்கும் உரிய காட்சிதான். ஆனால் காய்ந்த தாள்களில் இருசக்கர வண்டி வழுக்கி விழுந்தோர் உண்டு. காரின் அடியில் தாள் சிக்கிச் சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. களம் இல்லாத ஏழை உழவருக்குத் தார்ச்சாலையே களமாகிவிட்டது. வாசகர்கள் யாரேனும் இவ்வழியே கார் ஓட்டி வந்தால் வேகத்தைக் குறையுங்கள்; கடந்த பிறகு ஒருமுறை இறங்கி வண்டியின் அடியைப் பாருங்கள்.

மீண்டும் பெருஞ்சாலைக்கு வந்து திருத்தங்கலை நெருங்கும்போதுதான் மருமகனின் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டார். சாலையிலிருந்து உள்ளடங்கி, வேலிக்கு அப்பால், வேப்ப மரங்களின் நிழலில் வெள்ளையடித்த சிறுசிறு அறைகள். ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. சுற்றிலும் அமைதி. "மாமா, என்ன அழகான இடம்! விடுமுறைக்கு வந்து தங்கும் விடுதியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "விடுதி இல்லையம்மா, பட்டாசு ஆலை" என்றேன். "பின் ஏன் ஒரே பெரிய கட்டடமாகக் கட்டாமல் இப்படித் தனித்தனியாகக் கட்டியிருக்கிறார்கள்?" என்றார். "அது அப்படித்தான், சட்டம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். வாசகர்களே, அதற்கு மேல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதே உண்மை. அவ்வறைகளைக் கடந்து ஆயிரம் முறை பேருந்தில் சென்றிருக்கிறேன். ஒருமுறையும் அக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் சிவகாசி

சிவகாசியை நீங்கள் பார்த்ததில்லை என்றாலும் அது உங்கள் வீட்டில் இருக்கிறது. நாள்தோறும் தாள் கிழித்து ஹிஜ்ரி தேதியும் தொழுகை நேரமும் பார்க்கிறீர்களே, அத்தகைய நாட்காட்டிகளில் பெரும்பாலானவை அவ்வூர் அச்சகங்களில் பிறந்தவை. திருமண அழைப்பிதழும், பிள்ளைகளின் பள்ளிக் குறிப்பேடும், அடுப்பு பற்றவைக்கும் தீப்பெட்டியின் படமும் அங்கிருந்து வந்தவையாக இருக்கக்கூடும்.

மழை பொய்த்து வேளாண்மை கைவிட்ட ஊர் அது. 1922-இல் ஐய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மறு ஆண்டு தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு ஒட்டும் படம் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வகுக்கப்பட்டு, உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. இன்று இந்நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் செய்யப்படுகிறது. வறட்சியே இத்தொழிலுக்கு வசதியாகவும் அமைந்தது. காற்றில் ஈரம் குறைவென்பதால் மருந்தும் காகிதமும் விரைவில் காய்கின்றன.

பள்ளிவாசலில் லுஹருக்கு நின்றோம். மருமகன் பயணியாதலால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை அவருக்கு உண்டு. எனினும் உள்ளூர் இமாமின் பின்னால் ஜமாஅத்தாகத் தொழுதமையால் முழுமையாகவே தொழுதார். நானோ வீட்டிலிருந்து சிறிது தொலைவே வந்தவன். எனக்குச் சலுகை கிடையாது. ஒரே காரில் அருகருகே அமர்ந்து வந்தோம்; ஒருவர் பயணி, மற்றவர் ஊர்க்காரர்! மார்க்கத்தின் நுட்பத்தை எண்ணி மகிழ்ந்தோம். ஆனால் ஊர்க்காரன் என்ற தகுதி எனக்கு உண்மையில் இருந்ததா என்பது அடுத்த இரண்டு மணி நேரத்தில் கேள்வியாயிற்று.

அண்ணாச்சியின் கைகள்

தெற்கே வெம்பக்கோட்டைச் சாலையில் ஓட்டினோம். வைப்பாற்றின் நீரைத் தேக்கும் அணை அங்குள்ளது. ஆற்றங்கரை மேட்டில் 2022 முதல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் கிடைத்திருக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் கைத்தொழில் செய்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்று மருமகனிடம் சொன்னேன்.

அதற்குச் சற்று அப்பால் ஒரு சிற்றூரில், எங்கள் கடைக்குப் பல்லாண்டுகள் சரக்கு வாங்க வந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பட்டாசு ஆலையில் போர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வாங்க பாய்! முப்பது வருசமா கூப்பிடுறேன், இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று திண்ணையில் பாய் விரித்தார். அவ்வார்த்தையே முதல் அடி. அவருடைய மருமகள் ஒரு பக்கம் அமர்ந்து, தடித்த காகிதத்தைக் கம்பியில் சுற்றிப் பசை தடவிக் குழாய்களாக உருட்டிக்கொண்டிருந்தார். மருந்து இல்லாத வெறுங்குழாய். எண்ணிக்கைக் கணக்கில் கூலி.

எங்கள் வீட்டுப் பெண் கேட்ட கேள்வியை நான் அண்ணாச்சியிடம் கேட்டேன்: அறைகள் ஏன் தனித்தனி?

"ஒண்ணு போனா மத்தது நிக்கணும்ல பாய்!" என்றார்.

அவ்வளவு எளிய பதில். திண்ணையில் ஒரு கணம் அமைதி. விடுதி என்று எண்ணி அழகு பார்த்த இடைவெளி, சாவு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தாவாதிருக்க அளந்து விடப்பட்ட இடைவெளி. அந்த வேப்ப மரங்களும் நிழலுக்கு மட்டும் நிற்கவில்லை. வெடிப்பின் அதிர்வையும் தெறிக்கும் கல்லையும் ஓரளவேனும் தாங்கும் என்றார்.

பிறகு அவர் தொழிலின் ஒழுங்கை விரித்துரைத்தார். வெயில் ஏறுவதற்கு முன்பே மருந்து கலந்து முடித்துவிட வேண்டும். ஓர் அறைக்கு நால்வருக்கு மேல் கூடாது. வாசல் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. உடம்பில் பருத்தி ஆடை. நைலான் சேலையின் உராய்வே ஒரு பொறிக்குப் போதும். உள்ளே நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

"இத்தனை விதி இருந்தும் ஏன் அண்ணாச்சி மாதாமாதம் செய்தி வருகிறது?"

"விதி எல்லாம் நாலு பேருக்குத்தான் பாய். தீவாளி நெருங்கினா நாலு பேர் அறையில எட்டுப் பேர் உக்காருவாங்க. மரத்தடியிலயும் வேலை நடக்கும். சில பேர் அறையை உள்குத்தகைக்கு விட்டுட்டுப் போயிருவாங்க. எடுத்தவன் போட்ட காசை எடுக்கணும்னு விரட்டுவான். கூலி எண்ணிக்கைக் கணக்கு. கை ஓடினாத்தான் காசு. கை ஓடினா உரசும்."

சிறுமி அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கையின் தோல் மணிக்கட்டுவரை சுருங்கி மெழுகுபோல் பளபளத்தது. இரு விரல்கள் மடங்கியபடியே நின்றன. அவள் கேட்டாள்: "தாத்தா, உங்களுக்குப் பயமா இருக்காதா?"

அண்ணாச்சி சிரித்தார். "பயம் இருக்கிறவரைக்கும் கை ஒழுங்கா இருக்கும் பாப்பா. ஒரு நாள் பயம் இல்லாமப் போனேன். அன்னைக்குத்தான் இது."

அவர் பத்து வயதில் தீப்பெட்டி ஆலையில் கட்டை அடுக்கப் போனவர். விடியுமுன்பே வண்டி வந்து கிராமத்துப் பிள்ளைகளை அள்ளிச் சென்ற காலம் அது. 1986-இல் சட்டம் தடுத்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிள்ளையை இத்தகைய அபாய வேலையில் அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அண்ணாச்சியின் பேரன் அன்று மாலை சீருடையுடன் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி ஓடி வந்தான். அந்த ஒரு காட்சிக்காகவே அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினேன்.

எந்த ஊர்?

சாத்தூரை நோக்கி வண்டி சென்றபோது நான் பேசவில்லை. மருமகன், "என்ன மாமா?" என்றார். சொன்னேன்.

2012 செப்டம்பர் 5. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடி விபத்து. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவிக்கென ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். செய்தி எங்கள் பேட்டைக்கு வந்தபோது நான் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். "எந்த ஊர்?" என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் அவ்வூரில் இல்லை. 'இன்னாலில்லாஹி' என்று சொல்லிவிட்டுத் தேநீரை அருந்தி முடித்தேன். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அதே கேள்வி: "எந்த ஊர்?" எங்கள் மாவட்டத்தில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தெரிந்த ஊர் என்றால் பதறுவோம். இல்லையென்றால் கணக்கைத் தொடர்வோம்.

முப்பது ஆண்டுகளாக ஒருவர் என்னிடம் சரக்கு வாங்கினார். பணம் எண்ணும்போது அவர் கையைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி ஆயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடல் கடந்து வந்த ஒன்பது வயதுக் குழந்தை அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டாள். அன்று அந்தக் காரில் அந்நியன் யார்?

சாத்தூரில் காரச்சேவு வாங்கினோம். எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியைக் கடந்து நெடுஞ்சாலை வழியே மஃரிபுக்குச் சூலக்கரை வந்து சேர்ந்தோம். பரோட்டாவும் வாக்களித்தபடியே வந்தது. மருமகன் உண்ணும்போது, "மாமா, எங்கள் ஊரில் பெருநாள் இரவில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துவார்கள். இனி அதைப் பார்க்கும்போது அந்தக் கை நினைவிற்கு வரும்" என்றார். சிறுமி சுவர் நாட்காட்டியின் அடியில் பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "நன்னா, சி-வ-கா-சி!"

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. பார்ப்பதென்பது கண்ணாடிச் சன்னல் வழியே காட்சிகளைக் கடந்து செல்வது மட்டுமன்று. விடுமுறையில் காரெடுத்துக் கிளம்பும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள்: வழியில் ஓரிடத்திலேனும் இறங்குங்கள். அங்கு வாழும் ஒருவரிடம் அவருடைய தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைகளைக் கேட்க விடுங்கள். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகக் கேட்கத் தெரியும்.

மற்றொன்று. நம் இல்லத் திருமணங்களிலும் ஊர்வலங்களிலும் சரம் சரமாக வெடித்துப் பெருமை கொள்ளும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்பு கலந்த பட்டாசையும் தடை செய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே இசைவளித்தது. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கம் நம்முடையது. அப்பழக்கத்தை விட்டுவிடுவதே நன்று. அண்டை வீட்டுச் சகோதரர்கள் தீபாவளிக்கு வாங்கும்போது உங்களிடம் யோசனை கேட்டால், உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்கச் சொல்லுங்கள். பாதி விலைக்கு எங்கோ வீட்டில் செய்து விற்பதை வாங்க வேண்டாமென்று எடுத்துரையுங்கள். குறைந்த அந்த விலையின் மீதியை, எட்டுப் பேர் அமர்ந்த நாலு பேர் அறையில் யாரோ ஒரு பெண் கட்டுகிறாள்.

அண்ணாச்சியின் வீட்டிற்கு நான் இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். சூலக்கரையிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். முப்பது ஆண்டுகள் தெரியாதிருந்த வழி அது.

உழைப்போர் அனைவரையும், அவர்களை எதிர்பார்த்து வீட்டில் காத்திருப்போரையும் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.